காரணி என்பவர் யார்?

'காரணி' என்ற சொல்லை யாராவது பேச்சில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. "ஏன்டா லேட்டு?" என்று கேட்கிறவரிடம் "போக்குவரத்து ஒரு முக்கியக் காரணி" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த ஒரு வாரத்துக்கு அதுதான் உங்கள் பட்டப்பெயர். சாவு வீட்டில், சண்டையில், டீக்கடையில் எல்லாம் 'காரணம்'தான். அதுவும் பெரும்பாலும் ஒரு ஆளைச் சுட்டும். "எல்லாத்துக்கும் அவன்தான் காரணம்." "அதெல்லாம் ஒரு காரணமாத்தான் செஞ்சிருக்கான்." காரணம் என்றால் பேச்சில் ஒரு விரல் நீளும். காரணி என்றால் ஒரு பட்டியல் நீளும்.

பட்டியல் என்று சொல்வது சும்மா இல்லை. போட்டித் தேர்வுக் கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது பல வருடம் எனக்குச் சோறு போட்ட வேலை. அங்கே இந்தச் சொல் மழைக்கால ஈசல் மாதிரி வரும். காலநிலையைப் பாதிக்கும் காரணிகள். மண் உருவாகும் காரணிகள். உயிருள்ள காரணிகள், உயிரற்ற காரணிகள். 1857 எழுச்சிக்கான காரணிகள். பகாக் காரணி, ஆர்.எச். காரணி, ஆபத்துக் காரணி. இலங்கையில் படித்தவர்களுக்கு பொ.கா.பெ. என்றாலே கணக்கு வாத்தியார் முகம் ஞாபகம் வரும்: பொதுக் காரணிகளுட் பெரியது. பொருளியல் பாடத்தில் உற்பத்திக் காரணிகள் நான்கு: நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு. இதை எத்தனை முறை திருத்தினேன் என்று கணக்கில்லை. நிலமும் பணமும் காரணியாக இருக்கும் அதே வரிசையில், அதே அச்செழுத்தில், உழைக்கிற ஆளும் ஒரு காரணி. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

பிறகு ஒருநாள் இந்தச் சொல்லின் வேரைத் தேடப்போய், அது ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

காரணம் வடசொல். 'செய்' என்று பொருள்படும் 'க்ரு' என்ற வேர். காரியம், கருமம், கர்த்தா எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. அதிகாரமும் அதிகாரியும் அப்படித்தான். பாரசீகம் வழியாக நமக்கு வந்த சர்க்காரில் இருக்கும் 'கார்' கூட அந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம். ஆக, காரணி என்பதன் உள்ளே உட்கார்ந்திருப்பது 'செய்வது' என்ற பொருள். இது எந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் பாடப்புத்தகத்தில் நிற்கிறதோ, அந்த 'ஃபேக்டர்' லத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் பொருள் 'செய்கிறவன்'தான். இரண்டு மொழியிலும் ஒரே கதை: செய்கிற ஒருவரைக் குறித்த சொல், யாருமே செய்யாத ஒன்றைக் குறிக்க வந்து நிற்கிறது.

ஆங்கிலத்தில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம், ஏனென்றால் அந்த ஃபேக்டர்கள் நம் கடற்கரையில்தான் இறங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் ஃபேக்டர் என்பது ஒரு உத்தியோகம். எழுத்தராகச் சேர்ந்தவர் அடுத்து ஃபேக்டர் ஆவார், அப்புறம் இளைய வணிகர், மூத்த வணிகர். முதலாளி லண்டனில் இருப்பார். அவர் சார்பாக இங்கே துணி வாங்குவது, விலை பேசுவது, முன்பணம் கொடுப்பது ஃபேக்டரின் வேலை. அவர் இருந்து வேலை பார்த்த பண்டகசாலைக்குப் பெயர் ஃபேக்டரி. புகைபோக்கியும் சங்கும் வைத்த ஆலையை அந்தப் பெயரால் அழைத்தது பிற்பாடு. 1639இல் சென்னைக்கு அடித்தளம் போட்ட மானியத்தை வாங்கிய பிரான்சிஸ் டே, அதற்கு முன் ஆர்மகானில் இருந்த அப்படிப்பட்ட ஒரு ஃபேக்டரியைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்து நெசவாளரிடம் "இந்த விலைக்கு யார் காரணி?" என்று கேட்டிருந்தால், மேல்சட்டை போட்ட ஒரு ஆளைக் கைகாட்டியிருப்பார். இன்று அதே கேள்விக்கு 'சந்தைக் காரணிகள்' என்று பதில் வரும். கைகாட்ட யாரும் இல்லை.

தமிழில் காரணத்துக்கு இருந்த சொற்களோ அதைவிட சுவாரஸ்யம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயின் காரணத்தை 'முதல்' என்கிறார். நோய்முதல். வேரும் முதல், தொடக்கமும் முதல், வியாபாரத்தில் போடுகிற பணமும் முதல். இலக்கணத்தில் செய்கிறவர் வினைமுதல். ஒரு காரியத்துக்கு யார் முதல் போட்டார் என்று கேட்கிற மொழி இது; இதைவிடத் துல்லியமான புலனாய்வுக் கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை.

மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தம் சொல்லும் காரணச் சங்கிலி வருகிறது. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பன்னிரண்டு கண்ணிகள், ஒன்றைச் சார்ந்து மற்றொன்று. இவற்றைச் 'சார்பு' என்பார்கள், 'நிதானம்' என்றும் சொல்வார்கள். நிதானம் என்றால் மூலகாரணம். நோய் நாடலைப் பற்றிய ஆயுர்வேத நூல் ஒன்றின் பெயர் மாதவ நிதானம். அந்தச் சொல் தமிழ்ப் பேச்சுக்குள் வந்து என்ன ஆயிற்று பாருங்கள்: "நிதானமா போ", "ஆள் நிதானத்துல இல்ல." காரணத்தைத் தேடுகிறவன் பதறக்கூடாது என்று யாரோ முடிவு செய்ததுபோல இருக்கிறது. இது என் கற்பனைதான், சொல்லியல் அறிஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

நிமித்தம் இன்னொரு பக்கம் ஓடியது. காரணம் என்ற பொருளும் உண்டு, சகுனம் என்ற பொருளும் உண்டு. இன்று "பணி நிமித்தமாக வெளியூர்" என்று விடுப்புக் கடிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. 'ஏது' என்ற சொல் தருக்கத்தில் அனுமானத்தின் உறுப்பு; அதுவும் மணிமேகலையில் வருகிறது. இப்போது 'ஏதுவாக' என்று அரசு சுற்றறிக்கையில் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. "காசுக்கு ஏது வழி?" என்கிறபோது வருகிற ஏது வேறு, அது கேள்விச்சொல். ஆனாலும் காரணமும் கேள்வியும் ஒரே உருவத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கும். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். பானை உடைந்தால் மண்ணைத் திட்டலாமா, சக்கரத்தைத் திட்டலாமா, குயவரைத் திட்டலாமா என்று பிரித்துக் கேட்க இது வழிசெய்கிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை இதைவிடக் கூர்மையானது நன்னூல் வழி வந்த இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குச் சொல்லும் பிரிவு. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். தச்சனால் கட்டப்பட்ட வீடு என்றால் தச்சன் இயற்றுதல் கருத்தா. கரிகாலனால் கட்டப்பட்ட கல்லணை என்றால் கரிகாலன் ஏவுதல் கருத்தா. கல் சுமந்தது கரிகாலன் இல்லை, ஆனாலும் அந்த 'ஆல்' அவனுக்குத்தான். கட்டியதற்குப் பெருமை சேர்க்க இந்த உருபைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். அழிந்ததற்கு? அங்கேதான் ஏவுதல் கருத்தா மெல்ல நழுவிவிடுகிறார்.

நான் சொல்ல வந்த கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகளின் பாட்டிகள் சொன்னது இதைத்தான். தென்னிந்தியாவையும் மேற்கிந்தியாவையும் இரண்டு வருடத்துக்கு மேல் உலுக்கியது. செத்தவர்கள் 55 இலட்சத்துக்குக் குறையாது, இன்னும் அதிகம் சொல்கிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. கையேட்டில் இது ஒரு பத்தி. "பஞ்சத்திற்கான காரணிகள்: பருவமழை பொய்த்தல், போக்குவரத்து வசதியின்மை, விலையேற்றம், ஆங்கிலேய அரசின் கொள்கைகள்." நான்கு மதிப்பெண், நான்கு காரணி. சமமாகப் பிரித்தாயிற்று.

அந்தக் காலத்திலேயே காரணத்தைத் தேடினார்கள், வானத்தில். 1877இல் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் சென்னை மழைக் கணக்கை எடுத்துக்கொண்டு, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் 11 வருடச் சுழற்சியோடு அது பொருந்துகிறது என்று எழுதினார். புள்ளி குறைந்தால் மழை குறையும், மழை குறைந்தால் பஞ்சம். முட்டாள்தனம் என்று சிரித்துவிட்டுப் போகமுடியாது. காரணம் வெகுதொலைவில் இருக்கலாம் என்ற உள்ளுணர்வு சரிதான், தேடிய இடம்தான் தப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வானிலைத் துறையின் தலைமையில் இருந்த கில்பர்ட் வாக்கர் கடல்களுக்கு மேலே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டார். இன்று நாம் எல் நினோ என்கிற விஷயத்தோடு அது பிறகு இணைந்தது. 1877–78இல் பசிபிக் பெருங்கடலில் மிகக் கடுமையான எல் நினோ. ஆக, மழை பொய்த்ததற்குக் காரணம் பசிபிக். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை பொய்ப்பதும் மனுஷன் சாவதும் ஒன்றில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு அலுவலகம் இருந்தது.

1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார். நடத்தியவர் வைஸ்ராய் லிட்டன். அந்த மாதமே சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, கைதாராளமாகச் செலவு செய்தவர். அங்கே சாவு மிகக் குறைவு. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, வீண்செலவு செய்தார் என்ற கண்டனம். சென்னைக்கு வந்தவர் வேறு ஆள். நிவாரண வேலையில் இருக்கும் ஆணுக்கு ஒருநாள் கூலி: ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. வேலை என்றால் மண் வெட்டுவது, கல் உடைப்பது. ஆவணங்களில் இதற்கு டெம்பிள் கூலி என்றே பெயர்.

சென்னையின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்தார். குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், கூடவே காய்கறி, பருப்பு வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதம் சென்னை அரசு பாதி வழிக்கு இறங்கிவந்தது: ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும். கார்னிஷை நான் இந்தக் கதையின் நாயகன் ஆக்க விரும்பவில்லை, அவரும் அந்த அரசின் அதிகாரிதான். ஆனால் அவர் செய்தது முக்கியமான காரியம். வானம், சூரியன், விலை என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது, அவர் தராசைப் பார்த்தார். காலே அரைக்கால் பவுண்டு என்று அளந்துகாட்டக்கூடிய ஒரு காரணம், அதன் கீழே கையெழுத்தோடு.

செத்தவர்கள் எப்படிப் பதிவானார்கள் என்பது இன்னொரு சங்கதி. பிரிட்டிஷ் இந்தியாவின் இறப்புப் பதிவேட்டில் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, காயங்கள், பிற என்று பிரிவுகள் இருக்கும். பட்டினி என்று ஒரு பத்தி இல்லை. பட்டினியால் எலும்பாகிப்போன உடம்பில் காலரா வந்தால் அது காலரா சாவு. கழிச்சல் வந்தால் கழிச்சல் சாவு. எதிலும் பொய் இல்லை. காலரா உண்மையிலேயே வந்தது, அந்த வருடங்களில் மிகக் கொடூரமாக வந்தது. ஆனால் பதிவேட்டைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு 1877 ஒரு நோய் வருடம். 'தாது வருஷப் பஞ்சம்' என்று பெயர் வைத்தவர்களுக்குத்தான் பத்தி பிரித்து எழுதும் வசதி இல்லை, எனவே சரியாகச் சொன்னார்கள்.

1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: நாட்டில் உணவே இல்லாமல் போகவில்லை, ஏழைக்கு வேலையும் கூலியும் இல்லாமல் போனதுதான் பெரிய கேடு என்கிற திசையில் அது பேசியது. நூறு வருடம் கழித்து 1981இல் அமர்த்திய சென், வங்கப் பஞ்சத்தை எடுத்துக்கொண்டு, உணவு இருந்தும் அதை வாங்க வழியில்லாமல் மனிதர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று விரிவாக எழுதினார். பேச்சுத் தமிழில் இந்தப் பொருளாதாரக் கோட்பாடு மொத்தத்தையும் "காசுக்கு ஏது வழி" என்று சொல்லிவிடலாம்தான், நோபல் கிடைக்காது.

என் வீட்டிலும் ஒரு பத்தி உண்டு. சித்தப்பா ஒரு குடோனில் சுமை தூக்கினார். ஒரு மத்தியான வெயிலில் மூட்டையோடு சரிந்தவர் எழவில்லை. கையில் கிடைத்த காகிதத்தில் இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம் என்று இருந்தது. இதயமும் சுவாசமும் நிற்காமல் யாராவது சாவார்களா? இதை ஒரு மருத்துவ நண்பரிடம் கேட்டேன். அப்படி எழுதக்கூடாது என்றுதான் எங்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார். அது சாகிற விதம், சாவின் காரணம் இல்லையாம். உலகம் முழுக்கப் பயன்படும் அந்தப் படிவத்தின் அமைப்பையும் அவர்தான் விளக்கினார். முதல் பகுதியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. இரண்டாம் பகுதியில், சாவுக்குத் துணைபோன மற்றவை. கிட்டத்தட்ட நம்ம முதற்காரணம், துணைக்காரணம். 1893இல் ழாக் பெர்ட்டிலோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் தயாரித்த இறப்புக் காரணப் பட்டியல்தான் இன்று உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் நோய் வகைப்பாட்டின் மூதாதை. அதில் ஆயிரக்கணக்கான குறியீடுகள். "அந்த மூட்டைதான்டா எமன்" என்று சித்தி அழுதாள். அதற்கு என்ன குறியீடு போடுவது என்று தெரியவில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை, பணம் சம்பந்தப்பட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் வந்தது, அதன் பெயர் பிறகு மாறியது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தா என்பதே அதில் கேள்வி. 'வேலையின்போது' என்பதைக் கடிகாரம் காட்டிவிடும். 'வேலையின் காரணமாக' என்பதை யார் காட்டுவது? ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு, பீடி, வெயில், வயசு என்று எதிர்த்தரப்பு காரணிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்க அடுக்க மூட்டையின் எடை குறையும். சித்தப்பா விஷயத்தில் அதுவரைகூடப் போகவில்லை; அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கே காகிதம் இல்லை.

நாளிதழ் தலைப்புகளை இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். "விஷவாயு தாக்கி மூவர் பலி." இலக்கணப்படி தாக்கியது யார்? விஷவாயு. அதுதான் எழுவாய், அதுதான் கருத்தா, அதைக் கைதுசெய்ய முடியாது. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. இப்படி இறப்பவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய தொகையை 2014இல் 10 இலட்சம் என்றும், 2023இல் 30 இலட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை மூன்று மடங்கு ஆன அந்த ஒன்பது வருடத்தில் தலைப்பின் இலக்கணம் மாறவில்லை. "இறக்கிவிடப்பட்டு மூவர் பலி" என்று எழுதச் சில எழுத்துகள்தான் அதிகச் செலவு ஆகும். ஏவுதல் கருத்தாவுக்கு அந்தச் செயப்பாட்டு வினையில் ஒரு காலி நாற்காலியாவது கிடைக்கும்.

காரணி என்ற சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் அது இல்லாமல் முடியாது. மருத்துவத்தில் புகையிலை ஒரு ஆபத்துக் காரணி என்றால் அது நேர்மையான பேச்சு. புகைத்தவர் எல்லோரும் சாவதில்லை, புகைக்காதவரும் சாகிறார். ஒரே ஒரு ஆளின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதும் ஒரு பொய்தான், கும்பல் சேர்ந்து அடிக்கிற எல்லா ஊரிலும் அந்த வகைக் 'காரணம்' தயாராக இருக்கும். சூனியக்காரி, வந்தேறி, கிணற்றில் விஷம் கலந்தவன். விரல் நீள்வது சில சமயம் பட்டியலைவிட ஆபத்து. எனக்கு உறுத்துவது, யார் விஷயத்தில் விரல் நீள்கிறது, யார் விஷயத்தில் பட்டியல் நீள்கிறது என்பது. பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போனால் காரணம் ஒரு ஆள். 55 இலட்சம் பேர் காணாமல் போனால் காரணிகள் நான்கு.

கையேட்டின் அந்தப் பத்தியில் ஒரு சின்ன மாற்றம் கேட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். 'ஆங்கிலேய அரசின் கொள்கைகள்' என்ற நாலாவது காரணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பவுண்டு, ஒரு அணா, ரிச்சர்ட் டெம்பிள், 1877 என்று போடலாமா என்று. ஆசிரியர் குழுவிலிருந்து பதில் நாகரிகமாகத்தான் வந்தது: "விடைக்குறிப்பில் கொள்கைகள் என்றுதான் இருக்கிறது சார், பெயர் எழுதினால் மார்க் கிடைக்காது."

மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கீழே பார்த்தால் கறுப்பாக ஒரு கால்வாய் கிடக்கும். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர். அதை 1877–78இல் நிவாரண வேலையாகப் பஞ்சத்துக் கூலிகள் வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் அதற்குப் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர். ஏவுதல் கருத்தா.